அழிந்துவிட்டது என்று எழுதிய மரம்

2012 இல் வெளியான நமது நாட்டின் தேசிய சிவப்புப் பட்டியலில் ஒரு மரத்தை ‘அழிந்துவிட்டது’ என்று பதிந்தார்கள். விஞ்ஞானப் பெயர் குருடியா சைலானிக்கா. அவரை, புளி எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். 1911 இற்குப் பிறகு அதை யாரும் கண்டதாகப் பதிவில்லை. நூறு வருடம்! வேறு எப்படித்தான் எழுதுவார்கள்?

2019 இல் அது கண்டுபிடிக்கப்பட்டது. சிங்கராஜக் காட்டுக்குள் அல்ல, கம்பஹா மாவட்டத்துத் தரலுவயில். கொழும்புக்குப் போய்வரும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கத்தால் போயிருப்போம்.

கதை அங்கே முடியவில்லை. மத்திய அதிவேக நெடுஞ்சாலைக்கு அளந்த காணியில்தான் அந்த மரம் நின்றது. 2021 பெப்ரவரியில் வெட்ட ஆயத்தமானார்கள். அன்றைக்கு உலகத்திலேயே தெரிந்திருந்தது அந்த ஒரு மரம்தான். உயரம் ஏறக்குறைய 8 மீற்றர். ஊர் மக்கள், பிக்குமார், சூழல் ஆர்வலர்கள் எல்லோரும் எதிர்த்து நின்றார்கள். வெட்டுவது நிறுத்தப்பட்டது. இரண்டு வருடம் முந்தி யாரும் பெயர் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால், விறகோடு விறகாகப் போயிருக்கும். பட்டியலும் சரியாகவே இருந்திருக்கும்!

நமது மையவாடி ஓரத்திலும் பாடசாலை மதில் பக்கத்திலும் நிற்கிற மரங்களில் எத்தனைக்கு நமக்குப் பெயர் தெரியும்? பிள்ளைகள் கேட்டால் ‘காட்டு மரம்’ என்று சொல்லித் தப்பிவிடுகிறோம். வீட்டில் வாப்பும்மா, உம்மும்மா இருந்தால் ஒருக்கா கேட்டுப் பாருங்கள்.