கிளட்ச் மிதித்தால் சத்தம் வருதா? என்ன கோளாறு என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்!

தூத்துக்குடி தெரேஸ்புரத்தில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, பழைய பிக்கப்பில் மதுரைக்குக் கிளம்புகிறீர்கள். எட்டயபுரம் தாண்டியதும் கிளட்ச் காலி. வண்டி மட்டுமா நிற்கும்? ஐஸ் கரைந்து சரக்கும் கெட்டுப்போகும்.

ஆனால் கிளட்ச் பெரும்பாலும் சொல்லாமல் கைவிடாது. முதலில் சத்தம் போடும். அது எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

எப்படி சோதிப்பது?

சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். டயருக்குக் கல் வையுங்கள். பாட்டை ஆஃப் பண்ணிட்டு, நியூட்ரலில் காது கொடுத்துக் கேளுங்கள்.

1. இன்ஜின் ஆஃப், மிதித்தால் 'கிரீச்'
பெடல் புஷ், கேபிள் அல்லது கிளட்ச் ஃபோர்க் காய்ந்திருக்கலாம். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் துரு சீக்கிரம் பிடிக்கும். பெடல் புஷ் என்றால் கிரீஸ் வைத்தாலே சரியாகலாம்.

2. இன்ஜின் ஓடும்போது சத்தம், மிதித்தால் நிற்கிறது
கியர் பாக்ஸின் இன்புட் ஷாப்ட் பேரிங் மீது சந்தேகம். கிளட்ச் செட்டை மாற்றினாலும் இது போகாது. முதலில் கியர் ஆயில் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். லேசான கடகட சத்தம் மட்டும் என்றால் பழைய டீசல் வண்டிகளில் சகஜம்தான்.

3. மிதித்ததும் 'உய்ங்'
ரிலீஸ் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். மிதிக்க மிதிக்க சத்தம் கூடினால் தள்ளிப்போடாதீங்க. பேரிங் உடைந்தால் பிரஷர் பிளேட்டும் வீணாகும்.

4. மிதித்து கியர் போட்ட பிறகு மட்டும் சத்தம்
பிளைவீல் நடுவில் இருக்கும் பைலட் பேரிங் காரணமாக இருக்கலாம். (பிரேக்கையும் மிதித்துக்கொண்டே சோதியுங்கள்.)

5. வண்டி எடுக்கும்போது தடதடவென உதறல்
கிளட்ச் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். இன்ஜின் மவுண்டிங்கையும் பார்க்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்க வேண்டும்?

"கிளட்ச் போச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். "மிதித்தால் வருது, விட்டால் நிக்குது" என்று சொல்லுங்கள். தேவையில்லாத பார்ட்ஸ் செலவு மிச்சம்.

கியர் பாக்ஸை இறக்குவதுதான் பெரிய வேலை. அதனால் இறக்கியதும் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் ஒன்றாகப் பாருங்கள். பேரிங்கை மட்டும் மாற்றி, தேய்ந்த பிளேட்டை விட்டால் சில மாதத்தில் மறுபடியும் அதே கூலி கொடுக்க வேண்டிவரும்.

பழைய பிளேட்டில் கல்நார் இருக்க வாய்ப்பு உண்டு. அந்தத் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

கிளட்ச் நீண்ட நாள் உழைக்க...

துறைமுக கேட் வரிசையில் கிளட்ச்சை மிதித்தபடியே காத்திருக்க வேண்டாம். நியூட்ரல் போட்டு காலை எடுங்கள். ஓடும்போதும் பெடல் மேல் கால் வைத்தே ஓட்டினால் ரிலீஸ் பேரிங் சுற்றிக்கொண்டே இருந்து தேய்ந்துவிடும். கேபிள் வண்டி என்றால் பெடலில் கொஞ்சம் 'ப்ளே' இருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். ஹைட்ராலிக் என்றால் ஆயில் அளவைப் பாருங்கள்.

சத்தத்தோடு கியர் விழுவதும் கஷ்டமானால், அன்றைக்கு லோடு ஏற்றாமல் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே நல்லது.