தாங்கல் கரைசல்

தாங்கல் கரைசல் என்பது, சிறிதளவு அமிலமோ காரமோ சேர்ந்தாலும் பி.எச். மதிப்பு அதிகம் மாறாத கரைசல். ஆய்வகப் பேச்சில் 'பஃபர்'. வலிமை குறைந்த அமிலமும் அதன் உப்பும் கலந்திருப்பது இதன் வழக்கமான அமைப்பு. புதிதாக வரும் அமிலத்தை உப்பும், காரத்தை அமிலமும் பிடித்துக்கொள்கின்றன.

வரலாறு

இரத்தம் தன் அமில-காரச் சமநிலையை எப்படிக் காக்கிறது என்று ஆராய்ந்த அமெரிக்கர் எல். ஜே. ஹென்டர்சன் 1908-இல் இதற்கான சமன்பாட்டைத் தந்தார். மறு ஆண்டே, கோபன்ஹேகனில் மதுவடிப்பாலை சார்ந்த கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சன் பி.எச். அளவுகோலை வகுத்தார். ஹென்டர்சனின் சமன்பாட்டை மடக்கை வடிவுக்கு மாற்றியவர் டென்மார்க்கின் ஹாசல்பாக். 1934-இல் கலிஃபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளப்பதற்காக ஆர்னால்ட் பெக்மன் மின்னணு பி.எச். மானியை உருவாக்கினார்.

கணக்கு

பி.எச். = பி.கே.ஏ. + மடக்கை (உப்பு ÷ அமிலம்). இதில் பி.கே.ஏ. என்பது அமிலத்தின் வலிமையைக் காட்டும் எண். 1 லிட்டர் கரைசலில் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிடேட்டும் தலா 0.1 மோல் இருந்தால் பி.எச். 4.76. அதில் 0.01 மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் உப்பு 0.09, அமிலம் 0.11 ஆகி, பி.எச். 4.67-க்கு இறங்கும். அதே அளவை 1 லிட்டர் தூய நீரில் விட்டாலோ 7-லிருந்து 2-க்குச் சரிந்துவிடும்.

கிருஷ்ணகிரி, ஒசூர் தொழில்களில்

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் பெரும்பாலும் அரைப்பது பெங்களூரா, கிளிமூக்கு எனப்படும் தோதாபுரிப் பழத்தை. பழம் கனியக் கனியப் புளிப்பு குறைந்து பி.எச். ஏறும். 4.6-ஐத் தாண்டினால், காற்றுப் புகாத டப்பாவுக்குள் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்னும் பாக்டீரியா வளர்ந்து நஞ்சு சுரக்க வழியுண்டு. அதனால் தேவையான அளவு சிட்ரிக் அமிலம் சேர்க்கிறார்கள். ஆனால் பழத்தின் அமிலங்களும் அவற்றின் பொட்டாசிய உப்புகளும் கலந்த மாங்கூழே ஒரு தாங்கல்தான். தூய நீருக்குப் போடும் கணக்கு அதற்குப் பொருந்தாது. பழத்துக்குப் பழம் உப்பின் அளவும் மாறுவதால், அளந்து பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்றது ஒசூர். உதிரிபாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசும் தொட்டியில் தாங்கலாக இருப்பது போரிக் அமிலம். எதிர்மின்முனையில் ஹைட்ரஜன் குமிழ்விடும்போது அங்கே பி.எச். ஏறும், அதைத் தணிக்காவிட்டால் நிக்கல் ஹைட்ராக்சைடு கலந்து முலாம் கெடும்.

அளக்கும் மானிக்கும் தாங்கலே ஆதாரம். மின்முனையை முதலில் 7 பி.எச். பஃபரிலும், அடுத்து 25 பாகை செல்சியஸில் 4.01 காட்டும் தாலேட் பஃபரிலும் முக்கி மானியைச் சரிசெய்வார்கள். வாலைவடிநீரில் கழுவிய பிறகே அது மாங்கூழில் இறங்கும்.