இரு நகரங்கள், இரு கதவுகள்

கிரேக்கம் என்றதும் சிலையும் சிந்தனையும் நினைவிலே எழும். ரோமாபுரி என்றதும் சாலையும் சட்டமும் சேனையும் கண்முன் நிற்கும். பாடப் புத்தகம் காட்டும் வேறுபாடு இது. பொய்யன்று, ஆனால் போதாது. "யார் குடிமகன்?" என்ற கேள்விக்கு ஏதென்சும் ரோமாபுரியும் தந்த விடைகளிலேதான் அடிப்படை வேறுபாடு அடங்கிக் கிடக்கிறது. அதனை நாம் ஆராய்வோம்.

மக்களாட்சியின் தொட்டில் என்று ஏதென்சைப் புகழ்கிறோம். வீண் புகழ்ச்சி அல்ல. குயவனும் கொல்லனும் உழவனும் மக்கள் மன்றத்திலே எழுந்து பேசலாம். போரா, சமாதானமா என்பதற்குக் கை உயர்த்தலாம். 500 பேர் கொண்ட ஆட்சிக் குழுவும், வழக்கு விசாரிக்க ஆண்டுதோறும் 6,000 பேரும் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கப்பட்டனர். ஏழையும் நீதி வழங்க அமரவேண்டும் என்பதற்காக நாட்படியும் தரப்பட்டது.

ஆனால், அந்த மன்றத்தின் வாயிலிலே காவல் நின்றது எது? பிறப்பு! தாய், தந்தை இருவரும் ஏதென்சுக் குடிகளாக இருந்தாலன்றிப் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்றது, கி.மு. 451-இல் பெரிக்ளிஸ் கொண்டுவந்த சட்டம். விடுதலை பெற்ற அடிமையும் அங்கே அயலானே! அறிவுலகம் போற்றும் அரிஸ்டாட்டில் அந்நகரிலே பல்லாண்டு வாழ்ந்தார், கல்விக்கூடம் நடத்தினார். ஆயினும் வாக்கற்ற வெளியூரானாகவே இருந்தார். கொடுங்கோலர் முப்பதின்மரை வீழ்த்தி, கி.மு. 403-இல் மக்களாட்சியை மீட்கத் துணைநின்றவர் லைசியாஸ் என்னும் நாவலர். அவருக்கு அளித்த குடியுரிமையும் சட்டப்படி செல்லாதென்று பறிக்கப்பட்டது!

ரோமாபுரியின் கதவு வேறு வகை. குடிமகன் ஒருவன் முறைப்படி விடுவித்த அடிமை, குடியுரிமை பெற்றான். பெருங்கவிஞர் ஹோரஸ் அத்தகைய ஒருவரின் மகனே. கதவு தானாகத் திறந்துவிடவுமில்லை, கி.மு. 91-இல் இத்தாலிய நேசநாட்டினர் வாளெடுத்த பின்னரே, கி.மு. 90-இல் குடியுரிமைச் சட்டம் பிறந்தது. கி.பி. 48-இல் கால் நாட்டுத் தலைவர்களுக்குச் செனட் சபையிலே இடம் கேட்டு வாதாடினார் பேரரசர் கிளாடியஸ். வென்ற மக்களை அயலாரென ஒதுக்கியதாலன்றோ ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் அழிந்தன என்று அவர் வினவியதாக டாசிட்டஸ் எழுதினார். கி.பி. 212-இல் காரகல்லாவின் ஆணை, பேரரசின் அடிமையல்லாத மக்களில் ஏறத்தாழ அனைவரையும் குடிகளாக்கிற்று.

அப்படியாயின், ரோமாபுரியே சிறந்ததா? அவசரப்பட வேண்டா! அதன் குடியரசுக் காலத்துப் பழைய வாக்குமுறையில் பிரிவுகள் 193; அவற்றுள் 98 செல்வர்களுக்கு! அவர்கள் ஒன்றுபட்டால், ஏழையின் முறை வருமுன்பே முடிவு கிடைத்துவிடும். கி.பி. 212-இலோ வாக்கே இல்லை. பேரரசரின் வாய்ச்சொல்லே சட்டம்.

ஏதென்ஸ் உரிமையை ஆழமாக்கிற்று, அகலமாக்க மறுத்தது. ரோமாபுரி அகலமாக்கிற்று, ஆழத்தைத் தூர்த்தது. பெண்ணுக்கு வாக்கில்லை, அடிமைக்கு விலங்கு என்பதிலே மட்டும் இரண்டும் ஒன்றுபட்டன!

பழம்பெருமை பேசவா வரலாறு படிக்கிறோம்? எந்த நாட்டிலேனும் உரிமை பற்றிப் பேச்செழும்போது இரண்டு கேள்விகளைக் கேட்போம்: கதவு யாருக்குத் திறக்கிறது? உள்ளே நுழைந்தவனுக்குக் கிடைப்பது என்ன? ஒன்றைக் கேட்டு மற்றொன்றை மறப்பவரை, அந்த இரு நகரங்களின் இடிந்த தூண்கள் எச்சரித்துக்கொண்டே நிற்கின்றன.