வியப்பு மொழியாகத் தமிழ்

2014இல் தமிழ் ஒரு 'வியப்பு மொழி' ஆயிற்று. அமெரிக்க உளவு அமைப்புகளின் தேவைக்காக ஆய்வுகளுக்கு நிதியளிக்கும் ஐயார்ப்பா நிறுவனம், 'பேபல்' என்னும் திட்டத்தை நடத்திவந்தது. தரவு குறைந்த மொழிகளின் தொலைபேசி உரையாடல்களில், கேட்கப்படும் சொல் எங்கே வருகிறது என்பதைக் கணினி கண்டறிய வேண்டும், அதுவே இலக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் முன்னதாகப் பெயர் அறிவிக்கப்படாத ஒரு மொழி ஆய்வுக் குழுக்களின்முன் வைக்கப்பட்டது. 2013இல் வியட்நாமியம், அடுத்த ஆண்டு தமிழ்.

தமிழ் எளிதில் வசப்படவில்லை. 'வீடு' என்ற சொல் 'வீட்டிலிருந்து', 'வீட்டுக்காரங்க', 'வீட்டுலயே' என விரிந்துகொண்டே போகும். பயிற்சித் தரவில் இடம்பெறாத வடிவங்கள் தேடலில் குவியும். ஆகவே சொல்லினும் சிறிய அலகுகளைக் கொண்டு தேடும் முறைகள் முன்னுக்கு வந்தன. பகுதி, விகுதி, இடைநிலை எனப் பதத்தைப் பகுத்துக் காட்டிய பவணந்தியார், உளவுத்துறைக்கும் அப்பகுப்பு வேண்டியிருக்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

2017இல் அத்தமிழ்த் தொகுதியை, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் மொழியியல் தரவுக் கூட்டமைப்பு வெளியிட்டது. பேச்சைக் கண்டறியும் செயற்கை நுண்ணறிவை ஆராய்வோர், குடிசார் நோக்கங்களுக்கும் அதைப் பயன்படுத்த இயலும். ஒற்றசேகரமங்கலம், பாறசாலை எல்லையோரங்களில் மலையாளம் விரவி ஒலிக்கும் தமிழுக்கும் இத்தகைய கருவி ஒருநாள் பழகலாம். அப்போது எழுதப்படிக்கத் தெரியாத முதியவர் தம் பேச்சாலேயே ஓய்வூதிய விண்ணப்பத்தை நிரப்பலாம். அவர் மகளோடு பேசும் தொலைபேசி உரையாடலும் தேடத்தக்கதாகிவிடும்.