வாயிலும் உரிமையும்: எருக்கலம்பிட்டியை முன்னிறுத்திய ஒரு நோக்கு

பூட்டின் வரலாறு பெரும்பாலும் வெளியே நிற்பவனை நோக்கியே எழுதப்பட்டு வந்துள்ளது. பண்டைய எகிப்தில் வழங்கிய மரப்பூட்டு முதல், 1860களில் அமெரிக்கரான லைனஸ் யேல் உருவாக்கிய உருளைப்பூட்டு வரை, அந்நியனைத் தடுத்தலும் திறவுகோல் உடையவனை அனுமதித்தலுமே அதன் பணிகளாகக் கருதப்பட்டன. கதவு தட்டும் ஓசையைக் கேட்டும் எழுந்து செல்ல இயலாத முதியவரும் உடல் வலுவிழந்தவரும் அவ்வரலாற்றில் இடம்பெற்றது மிகப் பிற்காலத்திலேயே எனலாம்.

வாயிலில் நிகழும் செயல்களை மூன்றாக வகுக்கலாம். வந்தவர் யாரென அறிதல் ஒன்று. தாழ் நீக்குதல் மற்றொன்று. படியைக் கடத்தல் பிறிதொன்று. மன்னார்த் தீவின் மணற்பாங்கான கரையிலமைந்த எருக்கலம்பிட்டி போன்ற ஊர்களில் இயலாதோருக்காக இம்மூன்றையும் ஆற்றியவை உறவினரின் கைகளே. மணமகன் மனைவியின் வீட்டிற்குச் சென்று வாழும் வழக்கம் இலங்கை முஸ்லிம்களிடையே பரவலாகக் காணப்படுவது. இதனால் முதுமையுற்ற தாயின் அருகில் மகளோ பேரப்பிள்ளையோ இருக்கும் வாய்ப்பு மிகுதியாயிருந்தது. மேலும், பிறர் இல்லத்துள் நுழையுமுன் சலாம் கூறி அனுமதி பெறவேண்டும் என்பது இஸ்லாமிய ஒழுக்கம். திருக்குர்ஆனின் 24ஆம் அத்தியாயம் இதனை வலியுறுத்துகின்றது. வாயிலின் உண்மையான திறவுகோல் உள்ளே இருப்பவரின் மறுமொழியே என்பது இவ்வொழுக்கத்தின் உட்கிடை.

1990 ஒக்டோபரில் இவ்வமைப்புச் சிதைந்தது. வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, எருக்கலம்பிட்டி மக்களும் தம் வீடுகளை இழந்து புத்தளம் மாவட்டத்தை அடைந்தனர். 2009இல் போர் முடிந்தபின் ஒரு பகுதியினர் மீண்டனர். ஏனையோர் புத்தளத்திலேயே வேரூன்றினர். குடும்பங்கள் ஈரிடத்தும் பிரிந்தன. வீடுகளை மீளக் கட்டலாம். ஆயின், கதவைத் திறந்துவிட்ட கைகள் அனைத்தும் அவ்வீடுகளுக்குத் திரும்பிவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

கைகள் இல்லாதவிடத்து அவற்றின் பணியைக் கருவி எவ்வாறு ஏற்றது என்பதை மேனாட்டு வரலாறு காட்டும். 19ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரக் குடியிருப்புகளில் வாயிற்காவலர் தம் அறையிலிருந்தே கயிற்றை இழுத்துத் தெருக்கதவின் தாழை நீக்குவர். அக்கயிற்றின் இடத்தை மின்காந்தத் தாழும் பேசுகருவியும் பின்னர் பெற்றன. 1960களில் பிரித்தானியாவின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் ரெஜ் மேலிங் உருவாக்கிய பொஸம் என்னும் கருவி, கைகால் அசையாதவர் குழாயில் ஊதியும் உறிஞ்சியுமே விளக்கு, தொலைபேசி, கதவு ஆகியவற்றை இயக்க வழிசெய்தது. பொஸம் என்னும் இலத்தீன் சொல்லுக்கு 'என்னால் இயலும்' என்பது பொருள். மூன்றாம் செயலாகிய படி கடத்தலுக்கு, 1961இல் அமெரிக்கா வெளியிட்ட கட்டட நியமம் வழிகாட்டியது. சாய்தளமும் அகன்ற வாயிலும் வடிவமைப்பின் விதிகளாயின.

இலங்கையிலும் சட்டங்கள் தோன்றின. வலுவிழந்தோர் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2006இல் அணுகுவசதி ஒழுங்குவிதிகள் ஆக்கப்பட்டன. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் நாடு ஏற்புறுதி செய்தது. ஆயினும், அவ்வொழுங்குவிதிகள் பொதுக் கட்டடங்களையும் பொது இடங்களையுமே நோக்குவன. வங்கியின் வாயில் சட்டத்தின் பார்வைக்குட்பட்டது. சொந்த வீட்டின் வாயில் அதற்கு வெளியே நின்றது. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நாட்டு மக்களுள் 12.4 சதவீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள் என்பதை நோக்கும்போது, இக்குறை சிறிதன்று என்பது புலனாகும்.

எனினும், மேனாட்டுக் கருவியை அவ்வாறே கொணர்தல் தீர்வாகாது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியது. மின்சாரம் நின்றால் பூட்டியே இருக்கும் தாழ் உண்டு. தானே திறந்துவிடும் தாழும் உண்டு. முன்னதில், கையால் நீக்கும் வழி இல்லையெனில் இயலாதவர் சிறைப்படுவார். பின்னதில் வீடு காவலற்றுப் போகும். கடற்கரையின் உப்புக்காற்று இரும்பை அரிக்கும். மணல் சக்கர நாற்காலியைத் தடுக்கும். ஆதலின், முழங்கையாலும் அழுத்தத்தக்க நீண்ட கைப்பிடி, படியற்ற நுழைவு, கட்டிலிலிருந்து இழுக்கத்தக்க கயிற்றுத் தாழ், நம்பிக்கைக்குரிய அயலவரிடம் ஒரு திறவுகோல் என்னும் எளிய ஏற்பாடுகளே முதலில் வேண்டப்படுவன. மின்தாழும் கைத்தொலைபேசியும் அவற்றுக்குத் துணையாகலாம்.

ஒருவர் தம் கதவைத் தாமே திறக்கவும் திறக்காதிருக்கவும் வல்லவராதலே வீட்டுரிமையின் அடிப்படை. எழுந்து வர இயலாதவரும் சலாத்துக்கு உள்ளிருந்தே மறுமொழி கூறலாம். அம்மறுமொழிக்குத் தாழ் நீக்கும் வலிமையை அளிப்பதே இத்தொழில்நுட்பத்தின் பயன். ஊரை ஒருமுறை இழந்து மீண்ட மக்களின் முதியோர்க்கு, அவ்வலிமை வெறும் வசதி மட்டுமன்று; மீட்சியின் இறுதிப் படியும் அதுவேயாகும்.