பதினாறு விசைகளில் கற்ற மொழி: பெங்களூரும் அசெம்பிளி நிரலாக்கமும்

இந்திய மென்பொருள் வரலாறு பெரும்பாலும் 1985இல் தொடங்குகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பெங்களூரில் கால்பதித்த ஆண்டு அது. ஏற்றுமதிக் கணக்கை அளவுகோலாகக் கொண்டால் அத்தொடக்கம் பொருத்தமானதே. ஆனால் சில்லின் மொழியை ஒரு நகரம் எவ்வாறு கற்றது என்பதை அளவுகோலாகக் கொண்டால், கதை அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

1974இல் இந்திய அறிவியல் கழகத்தில், சுவிட்சர்லாந்தின் ஒத்துழைப்புடன் மின்னணு வடிவமைப்புத் தொழில்நுட்ப மையம் உருவானது. இன்றைய மின்னணு முறைமைப் பொறியியல் துறையின் முன்வடிவம் இதுவே. இன்டெலின் 8080 நுண்செயலி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். 1976இல் 8085 வந்தது. 1980இல் வந்த 8051, 4 கிலோபைட் நிரல் நினைவகத்தையும் 128 பைட் தற்காலிக நினைவகத்தையும் செயலியோடு ஒரே சில்லில் அடக்கியது. நுண்கட்டுப்படுத்தி என்னும் சொல்லைப் பல தலைமுறை இந்திய மாணவர்களுக்குப் பொருளுள்ளதாக்கியது இந்தச் சில்லே.

கல்லூரி ஆய்வகங்களில் தொடக்கநிலை மாணவர் எதிர்கொண்டது கணினித் திரையை அன்று, பயிற்சிப் பலகையை. பெங்களூரின் எலக்ட்ரோ சிஸ்டம்ஸ் அசோசியேட்ஸ், சென்னையின் வி மைக்ரோசிஸ்டம்ஸ் போன்ற நிறுவனங்கள் இத்தகைய பலகைகளைத் தயாரித்தன. பதினறும எண்களுக்கான பதினாறு விசைகள், கட்டளைக்கெனச் சில விசைகள், முகவரிக்கு நான்கும் தரவுக்கு இரண்டுமாக ஒளிரும் இலக்கங்கள்: கருவி இவ்வளவே. அசெம்பிளி மொழியின் சுருக்கச் சொற்களை அது அறியாது. மாணவர் 'ஏடிடி பி' என்று தாளில் எழுதி, அட்டவணையில் தேடி, 80 என்று தட்டவேண்டும். 'எஸ்டிஏ 4200' என்பது 32, 00, 42 என மூன்று பைட்டுகளாக, முகவரியின் பின்பாதி முன்னால் வருமாறு மாறும். நிறுத்தும் ஆணை 76. மொழிபெயர்ப்பி என்னும் மென்பொருளின் வேலையை மனித மூளையே செய்தது.

இம்முறையின் கடுமை பிழைதிருத்தத்தில்தான் வெளிப்படும். நிரலின் நடுவே ஒரேயொரு பைட்டைச் சேர்க்க நேர்ந்தால், அதற்குப் பின்னுள்ள எல்லா முகவரிகளும் நகர்ந்துவிடும். அவற்றை நோக்கித் தாவும் ஆணைகள் அனைத்தையும் மீண்டும் எழுதவேண்டும். எனவே முகவரி, குறியெண், அடையாளப்பெயர், ஆணை, விளக்கம் என ஐந்து பத்திகள் இட்ட தாள் நிரலாக்கத்தின் உண்மையான களமாயிற்று. சிந்தித்து முடித்த பின்னரே விசையைத் தொடும் பழக்கத்தை அந்தக் களம் ஊட்டியது.

மொழியியல் நோக்கில் இங்கு கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 8085இன் ஆணைவகைகள் 74, குறியெண்கள் 246. எல்லாம் ஏவல் வாக்கியங்கள், எழுவாய் தோன்றுவதில்லை. 'மவ் ஏ, பி' என்பதில் முதலில் வினை, பிறகு சேருமிடம், இறுதியில் மூலம். தமிழில் 'பியில் இருப்பதை ஏவுக்கு நகர்த்து' என்றால் வரிசை நேர் எதிரானது; கண்ணாடியில் தெரியும் பிம்பம் போன்றது. கன்னடத்திலும் அப்படியே. ஆங்கில வரிசையோ இரண்டிலிருந்தும் விலகியது. மேலும் 'நகர்த்து' என்னும் பொருள்தரும் அந்தச் சொல் உண்மையில் படியெடுக்கிறது. பியின் மதிப்பு அங்கேயே எஞ்சுகிறது. ஆக, ஆங்கிலவழியில் பயின்றவருக்கும் இது தாய்மொழி அன்று. தாய்மொழிவழியில் படித்துவந்த மாணவரைத் தடுத்தது இந்தச் சொற்கள் அல்ல; ஆங்கிலத்தில் மட்டுமே கிடைத்த விளக்கங்கள். ரமேஷ் கவுன்கரின் 8085 பாடநூல் 1984இல் வந்தது. அதற்கு நிகரான தமிழ் நூலோ கன்னட நூலோ பொறியியல் வகுப்பறையில் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் எஸ். ரங்கராஜன் என்னும் சுஜாதாவின் இரட்டைப் பணி நினைவுகூரத்தக்கது. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தை மேற்பார்வையிட்ட அவரே, கணினியையும் சில்லுவையும் தமிழ் இதழ்களின் வாசகர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். 1982இல் கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இத்தகைய இயந்திரங்கள் முதன்முதலாகப் பயன்பட்டன. சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988இல் சட்டம் திருத்தப்பட்டது. முதல் தலைமுறை இயந்திரங்களில் ஹிட்டாச்சி 6305 நுண்கட்டுப்படுத்தி இருந்தது. புறஊதா ஒளியால் அழிக்கத்தக்க நினைவகச் சில்லில் நிரல் பதிந்திருந்தது. 2004இல் மக்களவைத் தேர்தல் முழுவதும் மின்னணு இயந்திரங்களுக்கு மாறியது.

இந்த வரலாற்றின் சாரம் இங்கே தெளிவாகிறது. சில கிலோபைட்டுகளுக்குள் அடங்கும் நிரல் ஒரு நாட்டின் தீர்ப்பை எண்ணும்போது, அதைப் பைட் பைட்டாகப் படிக்கத் தெரிந்தோர் எத்தனை பேர் என்பது தொழில்நுட்பக் கேள்வி மட்டும் அன்று. சி மொழியில் எழுதிய நிரலும் சில்லுக்குள் செல்லும்போது பொறிமொழியாகவே செல்கிறது. சில்லுக்குள் இருப்பதைச் சரிபார்க்க விரும்புவோர் இறுதியில் அந்த எண்களிடமே வந்துசேர வேண்டும்.

1990களில் மின்னணு முறையில் அழித்தெழுதும் 8051 வகைச் சில்லுகள் பரவின. கணினியில் ஓடும் மொழிபெயர்ப்பிகளும் பாவிப்பிகளும் பதினாறு விசைகளை ஓரங்கட்டின. பாடத்திட்டங்கள் ஏஆர்எம் செயலிகளை நோக்கி நகர்ந்தன. அசெம்பிளி மொழிக்குரிய ஆய்வக நேரம் சுருங்கியது. நேரச் சிக்கனம் கருதினால் இது நியாயமான மாற்றமே. எனினும் வாய்ப்பு மூடிவிடவில்லை. திறந்த கட்டமைப்பான ரிஸ்க்-வியின் அடிப்படை முழுஎண் தொகுப்பில் 40 ஆணைகளே உள்ளன. சென்னை ஐஐடியின் சக்தி செயலி அக்கட்டமைப்பில் உருவானது. நாற்பது ஏவல் வாக்கியங்களைத் தமிழிலும் கன்னடத்திலும் விளக்கும் நல்ல பாடநூல் எட்டாத கனவன்று. பெங்களூரின் ஆய்வகத் தாள்கள் பேசியது ஐந்து பத்திகளில். அவற்றின் கடைசிப் பத்தி விளக்கத்துக்கு உரியது. அது எந்த மொழியில் அமையவேண்டும் என்பதைச் சில்லு ஒருபோதும் விதித்ததில்லை.