டீச்சர், நீங்க திரும்பி நின்னா...



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது கல்லூரியில் விரிவுரையாளர். பாட வீடியோக்களை வகுப்பின் இணையப் பக்கத்தில் போட்டு வைக்கிறாள். "ஒரு பையனுக்குக் காது கேட்காது டீச்சர். கீழே எழுத்து வர்ற மாதிரி போடச் சொல்றான். ஒரு பையனுக்காக இவ்வளவு வேலை வேணுமா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன். பெரும்பகுதி அமெரிக்காவில் நடந்தது.

மௌனப் படக் காலத்தில் வசனம் எழுத்தாகத்தான் திரையில் வரும். காது கேட்பவரும் கேளாதவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே படத்தைப் பார்த்தார்கள். 1927-ல் 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. படம் பேச ஆரம்பித்ததும் எழுத்து போய்விட்டது. ஊரே கைதட்டிய முன்னேற்றம், காது கேளாதவர்களைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டது.

எமர்சன் ரொமேரோ என்று ஒரு நடிகர். காது கேளாதவர். மௌனப் படங்களில் நடித்தவர். 1947-ல் அவரே பேசும் படச் சுருள்களை வெட்டி, நடுநடுவே எழுத்தை ஒட்டி, காது கேளாதோர் சங்கங்களுக்குக் கொடுத்தார். 1958-ல்தான் அரசாங்கம் சட்டம் போட்டு எழுத்துப் படங்களை வழங்க முன்வந்தது.

தொலைக்காட்சியில் 1972-ல் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சி எழுத்தோடு வந்தது. 1980 மார்ச்சில், வேண்டியவர்களுக்கு மட்டும் எழுத்து தெரியும் முறை வந்தது. ஆனால் அதற்குத் தனிப் பெட்டி வாங்க வேண்டும். விலை சுமார் 250 டாலர்! 1990-ல் இன்னொரு சட்டம். 1993 ஜூலையிலிருந்து 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளுக்குள்ளேயே அந்த வசதி வந்தது. தனிப் பெட்டிக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பிறகு இணையம் வந்தது. மறுபடி முதலிலிருந்து! 2009-ல் யூடியூபில் இயந்திரமே எழுத்துப் போடும் வசதி வந்தது. அதற்கு உழைத்தவர்களில் ஒருவரான கென் ஹாரன்ஸ்டீன் என்ற பொறியாளரும் காது கேளாதவரே. ஆனால் இயந்திரம் தப்பும் செய்யும். நீங்கள் 'பரப்பு' என்று சொல்ல, அது 'பருப்பு' என்று போட்டால் கணக்கு என்னாவது?

2015-ல் அமெரிக்கக் காது கேளாதோர் தேசியச் சங்கம், ஹார்வர்டு, எம்.ஐ.டி. இரண்டின் மீதும் வழக்குப் போட்டது. இணையப் பாட வீடியோக்களில் சரியான எழுத்து இல்லை என்பது வழக்கு. 2019, 2020-ல் இரண்டும் எழுத்துப் போட ஒப்புக்கொண்டன.

பெர்க்லி கதை வேறு. காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் புகார் கொடுத்தார்கள். 2016-ல் நீதித்துறை, குறையைச் சரிசெய்யச் சொன்னது. 2017-ல் பல்கலைக்கழகம், செலவையும் ஒரு காரணமாகச் சொல்லி, 20,000-க்கும் மேற்பட்ட ஒலி, ஒளிப் பாடங்களைப் பொதுப் பார்வையிலிருந்தே எடுத்துவிட்டது. எங்களுக்கும் கொடுங்கள் என்று கேட்டால், யாருக்குமே இல்லை என்று கதவைச் சாத்துவதா? கடைசியில் 2022-ல் அவர்களும் உடன்பாட்டுக்கு வந்தார்கள்.

அவர்களைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் நாலாம் வகுப்பில் ஒரு பையன். காது அரைகுறை. என் உதட்டைப் பார்த்தே பாடம் படித்தான். நானோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். ஒரு நாள் சிலேட்டை நீட்டினான். "டீச்சர் நீங்க திரும்பி நின்னா எனக்குப் பாடம் நின்னுடுது" என்று எழுதியிருந்தான். அதற்குள் அரை வருஷம் போயிருந்தது. அந்த அரை வருஷத்தை என்னால் அவனுக்குத் திருப்பித் தர முடியவில்லை.

நம் நாட்டிலும் 2016-ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. சட்டத்துக்காக வேண்டாம், அந்தப் பையனுக்காகச் செய்யுங்கள்.

ஆசிரியர்களாக இருக்கும் என் பிள்ளைகளே, வீடியோவை வகுப்புக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். பாடம் எங்கே நிற்கிறதோ அங்கே சரிசெய்யுங்கள். இயந்திரம் போட்ட எழுத்தை, விடைத்தாள் திருத்துவது போல் திருத்திவிடுங்கள்.

போன் செய்தவள் நேற்று முதல் வீடியோவை எழுத்தோடு அனுப்பியிருந்தாள். மூன்று பிழை. சிவப்பு மை இல்லாததால் வாட்ஸ்அப்பில் திருத்தி அனுப்பினேன்!

அன்புடன்,
உங்கள் டீச்சர்